நீல டிரம்மில் ஊறிய கான்கிரீட்

வேங்கிக்காலில் நான் குடியிருந்த மாடி வீட்டின் குளியலறையில் ஒரு நீல டிரம் இருந்தது. அதற்குள் மூன்று கான்கிரீட் கட்டிகள் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க மேலே வந்த வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, கல்லை ஊற வெச்சிருக்கீங்க?"

"காலேஜ் வேலைங்க. தண்ணியில இருந்தாதான் பலம் ஏறும்."

"தனியா இருக்கறதால இதுக்கெல்லாம் நேரம் கிடைக்குது உங்களுக்கு" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். என்னைப் புண்படுத்த வேண்டும் என்று சொன்னதல்ல. ஆனாலும் அன்று எனக்குச் சமைக்கப் பிடிக்கவில்லை.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் ஆசிரியை. இரும்புத் தாதுவைக் கழுவியபின் சுரங்கத்தில் மிஞ்சும் செந்நிறப் பொடியை மணலோடும், உருக்காலை உலையில் வழித்தெடுத்துக் கொட்டும் கசடை அரைத்துச் சிமெண்டோடும் கலந்தால் இன்னும் உறுதியான கான்கிரீட் கிடைக்குமா என்று பார்க்க ஆசைப்பட்டோம். நானும் என்னோடு வேலை பார்த்த தோழியும். லாரிக்காரரிடம் கெஞ்சி மூட்டைகளை வரவழைத்தோம். இருவரும் உட்கார்ந்து சலித்தோம். முகமெல்லாம் சிவந்துபோய், ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தோம். பாதியிலேயே அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. பேருந்து நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ விட்டுடாத" என்றாள்.

விடவில்லை. முதலில் அந்தப் பொடி தண்ணீரையெல்லாம் குடித்துக் கலவை கெட்டியாகிவிட்டது. அளவைக் குறைத்து மறுபடி செய்தேன். ஒரு வாரம் கழித்து உடைத்துப் பார்த்தால், சாதாரணக் கட்டியைவிட இதற்குப் பலம் குறைவு.

"ரொம்ப கம்மியா இருக்கே மேடம். விட்டுடுங்க" என்றார் துறைத்தலைவர்.

"கசடு சேர்ந்தா மெதுவாத்தான் இறுகும் சார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

"பசங்க ப்ராக்டிகலுக்குக் கட்டி ஊற வெக்கிற தொட்டி வேணுமே."

அப்படித்தான் மீதமிருந்த கட்டிகள் என் வீட்டுக்கு வந்தன. இரண்டு கசடு கலந்தவை, ஒன்று ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரணமானது. இரண்டு மாதத்துக்கு மேல் என்னோடு குடியிருந்தன. காலையில் பல் துலக்கும்போது தண்ணீர் குறைந்திருந்தால் ஒரு சொம்பு ஊற்றுவேன். சில நாட்களில் அந்த வீட்டில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

உடைப்பதற்கு ஆய்வகம் காலியாகக் கிடைத்த விடுமுறை நாள் பௌர்ணமியாக அமைந்துவிட்டது. கட்டிகளை ஈரச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். ஊருக்குள் நுழையும் இடத்தில் போலீஸ்காரர் தடுத்தார்.

"கிரிவலம் போற வண்டியெல்லாம் இங்கயே நிறுத்தணும்மா."

"கிரிவலம் இல்லீங்க. காலேஜுக்குப் போறேன்."

"சாக்குல என்ன?"

"கான்கிரீட்டுங்க."

குனிந்து சாக்கை விலக்கித் தொட்டுப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். "போங்க, போங்க. ஓரமாத் தள்ளிக்கிட்டுப் போங்க."

செங்கம் சாலையில் வெளியூர்ப் பேருந்துகளில் வந்து இறங்கிய கூட்டம் எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. குடும்பம் குடும்பமாக, செருப்பில்லாமல், பேசிக்கொண்டும் குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டும் வந்தார்கள். எல்லோருக்கும் வழிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கல்லூரியில் காவலாளி மட்டும்தான் இருந்தார். முதலில் சாதாரணக் கட்டியை இயந்திரத்தில் வைத்தேன். அழுத்தத்தைக் காட்டும் முள் வழக்கமான அளவைத் தொட்டதும் விரிசல் விட்டு நொறுங்கியது. அடுத்து கசடுக் கட்டி. முள் அந்த அளவைத் தாண்டி இன்னும் மேலே ஏறியது. வெடிபோலச் சத்தம் கேட்டது. இரண்டாவது கட்டியும் ஏறக்குறைய அதே அளவில்தான் உடைந்தது.

காவலாளி ஓடிவந்தார். "உடைஞ்சிடுச்சாங்க மேடம்?" என்றார் வருத்தத்தோடு.

"ஆமாங்க. நல்லா உடைஞ்சிடுச்சு." என் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தோழியைப் போனில் கூப்பிட்டேன். பின்னால் ஒரே சத்தம், ஏதோ பிறந்தநாள் விழா.

"ஏய், சூப்பர்! நாளைக்குக் கூப்பிடட்டுமா? இங்க கேக் வெட்டறாங்க."

"சரி" என்றேன். மறுநாள் அவள் கூப்பிடவில்லை. கட்டுரை வெளியானபோது அவள் பெயரையும் சேர்த்துத்தான் போட்டேன். பிறகு அதே கலவையில் கற்கள் வார்த்து ஆய்வக வாசலில் பதித்தார்கள். மாணவர்கள் அதன்மேல் வண்டிகளை நிறுத்துகிறார்கள்.

கட்டிகளை உடைத்த அன்று மாலை வண்டியை எடுக்க வழியில்லை. சாலை முழுக்க மனிதர்கள். கல்லூரியிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு நானும் மலையைச் சுற்றி நடந்தேன். எனக்குப் பக்கத்தில் வந்த ஒரு பெண் கொஞ்ச தூரம் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஒண்டியாவா வந்தீங்க?"

"ஆமாங்க."

"எங்ககூட வாங்க அப்போ" என்றாள். அடுத்த திருப்பம் வரை அவர்களோடு போனேன். அங்கே கூட்டம் நெருக்கியதில் அவர்களைத் தவறவிட்டேன். அதன்பின் மெதுவாகவே நடந்தேன்.