மழை நாளில் இழுக்காத சிம்னி

சிம்னி முதன்முதலாகப் புகையைத் திருப்பி அனுப்பிய அன்று அடுக்களையில் அம்மாவும் நானும்தான் இருந்தோம். அப்பா அங்கே இல்லை, ரப்பர் வேலையாக வீட்டின் பின்பக்கம் நின்றார். அக்கா இல்லை, கொட்டாரம் ஊரில் புகுந்த வீட்டில் இருந்தாள். சிம்னியை வாங்கி மாட்டித் தந்த அத்தான், அதாவது அக்காவின் கணவர், லீவு முடிந்து மஸ்கட் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆக, அதைப் புரிந்துகொள்ள வேண்டிய ஆள் நான்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் ஒழுங்காக நுழைந்து, வெளியே வந்து, கல்லூரிக்கும் போன முதல் ஆள். இயற்பியல் படித்துவிட்டு, பூதப்பாண்டி பக்கம் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் காற்றழுத்தம் நடத்திக்கொண்டிருந்தேன்.

வெளியே நல்ல மழை. அம்மா சாளை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். சிம்னி எப்போதும்போல உறுமிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சட்டியிலிருந்து எழுந்த புகை அதன் அடிவரைக்கும் போய், கொஞ்சம் யோசித்து, திரும்பி எங்கள் முகத்துக்கு வந்தது.

"ஏலே மக்கா, இது புகைய எடுக்குதா, இல்ல தருதா?" என்று கேட்டாள் அம்மா. அடுத்த வார்த்தை வரவில்லை. இருமல் வந்தது. கேஸை அணைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து மூச்சுமருந்துப் பம்பை எடுத்து இரண்டு முறை வாய்க்குள் அடித்துக்கொண்டாள்.

அம்மாவின் நெஞ்சுக்காகத்தான் அந்தச் சிம்னியே வந்தது. அதற்கு முன்பு எங்கள் அடுக்களை முற்றத்தில் தனியாக இருந்தது. முப்பது வருடம் அதில் ரப்பர் விறகு எரித்திருக்கிறாள். அப்பா கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். எங்களுக்கென்று நாற்பது மரம் உண்டு. அந்தப் பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தட்டையாக்கிய ஷீட்டுகளை அடுப்புக்கு மேலே கம்பு கட்டித் தொங்கவிடுவார். அம்மா சோறு பொங்கும் புகையில் அவை தேன் நிறத்துக்குப் பழுக்கும். நாகர்கோவில் டாக்டர் அம்மாவின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இனிமேல் புகை கூடாது என்று ஒரே வார்த்தையில் சொன்னார். அத்தான் லீவில் வந்தபோது வீட்டுக்குள்ளேயே கேஸ் அடுப்பு, சிம்னி, சுவரைத் துளைத்துப் பின்பக்கம் போகும் வெள்ளிக் குழாய் எல்லாம் மாட்டினார். பழைய அடுக்களையை இடித்தோம். அன்றைக்கு அப்பா ஷீட் தொங்கவிடும் கம்புகளை அவிழ்த்துப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார்.

சிம்னியோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். புகை இழுக்கவில்லை என்றால் வலைகளைக் கழுவச் சொன்னது. இரண்டு வலைகளையும் கழற்றிக் கொதிநீரில் சோடாப்பொடி போட்டு ஊறவைத்தேன். பழுப்பாக ஒரு குழம்பு இறங்கியது. பழைய பல்துலக்கியால் தேய்த்து, மறுநாள் வெயிலில் காயவைத்து, மாட்டினேன். எண்ணெய் வடியும் கிண்ணத்தைத் துடைத்தேன். செய்தித்தாளில் அரைப்பக்கம் கிழித்து வலையில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தது. இழுக்கும் சிம்னி என்றால் தாள் ஒட்டிக்கொள்ளும். வைத்தேன். டப்பென்று ஒட்டிக்கொண்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"படிச்சதுக்குப் பலன் உண்டு கேட்டியா" என்றாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் மழை. மறுபடியும் புகை திரும்பி வந்தது. தாள் வைத்தேன், கையை எடுத்ததும் கீழே விழுந்தது. மறுநாள் வெயில். தாள் ஒட்டியது. ஒரு நோட்டில் தேதியும் மழையும் குறித்துக்கொண்டே வந்தேன். மழை நாளில் இழுக்கவில்லை, வெயில் நாளில் இழுக்கிறது. ஒரு நாள்கூடத் தப்பவில்லை. ஈரக்காற்று கனமானது, அதனால் மோட்டாரால் தள்ள முடியவில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு, ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது என்று நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கவனமே இல்லை.

நாகர்கோவிலிலிருந்து சர்வீஸ்காரரை வரவழைத்தேன். என் வயதுதான் இருக்கும். அவர் வந்த அன்று வெயில் கொளுத்தியது. தாளை வைத்தார், ஒட்டியது.

"இதுல ஒண்ணும் கொழப்பம் இல்லியே சாரே."

"மழை பெய்தாத்தான் இழுக்காது."

"அப்பம் மழ பெய்யும்போ கூப்பிடுங்க."

"மழையில வருவீங்களா?"

"மழையில எப்பிடி சாரே வர? பைக்கில்லா" என்று சொல்லிவிட்டு, வந்ததற்கான காசை வாங்கிக்கொண்டு போனார்.

ஆனால் நல்ல மனிதர். அடுத்த வாரம் தூறலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வந்தே விட்டார். தாள் விழுந்தது. அவருக்கும் ஆச்சரியம். மேல்மூடியைத் திறந்து, விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தார்.

"வெளிக்குழாய் வாய் எங்க இருக்கு?"

"பின்னால, சாய்ப்புக்குள்ள. மேல தார்ப்பாய் கட்டியிருக்கு. ஒரு சொட்டு மழை படாது" என்றேன். பெருமையாகவே சொன்னேன். மழைக்காலம் தொடங்கியதும் அப்பா பின்சுவரை ஒட்டி நீலத் தார்ப்பாய் இறக்கிக் கட்டியிருந்தார். மண்வெட்டி, பால்வாளி, செங்கல், ஆசிட் குப்பி எல்லாம் கிடக்கும் சாய்ப்பு அது. அந்த நாற்றத்துக்கு நான் அந்தப் பக்கம் போவதில்லை.

ஈரத்தில் மோட்டாரின் கப்பாசிட்டர் தளர்ந்திருக்கும் என்று சொல்லி அவர் புதியது மாட்டினார். மாட்டி முடிக்கவும் மழை விட்டது. அவர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வெயிலும் வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டோம். தாள் ஒட்டியது. இரண்டு பேரும் கப்பாசிட்டரையே பாராட்டினோம்.

மூன்றாம் நாள் விடாத மழை. அம்மா மிளகாய் வறுத்தாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது படியில் உட்கார்ந்திருந்தாள். தோள் ஏறி இறங்கியது. பேச்சு வரவில்லை. பம்பு அடித்தும் அடங்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். முகத்தில் மூடி வைத்து மருந்துப்புகை பிடித்தார்கள். புகைக்கு மருந்தும் புகையா என்று எனக்கு அப்போது குழப்பமாகத்தான் இருந்தது. டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, இன்னும் இரண்டு தடவை இப்படி வந்தால் படுக்கையில்தான் வைத்துப் பார்க்க வேண்டிவரும் என்றார்.

மறுநாள் காலையில் அம்மா ஒரு முடிவோடு எழுந்தாள்.

"சாய்ப்புல செங்கல் கெடக்கும். மூணு கல்லு எடுத்துக்கிட்டு வா. முத்தத்துல ஓலை சாச்சு, காத்தோட்டமா நின்னு பொங்குகேன்."

"விறகுப்புகை கூடாதுண்ணு டாக்டர் சொல்லலியா அம்மா?"

"அந்தப் புகை எனக்குத் தெரிஞ்ச புகை. எந்தப் பக்கம் வரும், எந்தப் பக்கம் தலைய திருப்பணும்னு எனக்குத் தெரியும். இந்தச் சவம் என்ன நெனைக்குதுண்ணு உனக்கே தெரியல்லியே, நீ பிஎஸ்சில்லா."

அவள் விறகுக்குத் திரும்பிவிட்டால் டாக்டர் சொன்ன படுக்கை ரொம்ப தூரத்தில் இல்லை. ஆனால் சிம்னியை நம்பச் சொல்லவும் என்னிடம் ஒரு காரணமும் இல்லை. குடையோடு பின்பக்கம் போனேன்.

தார்ப்பாயை விலக்கினால், ஸ்டூல் போட்டு அப்பா நின்றுகொண்டிருந்தார். சுவரில் சிம்னிக் குழாயின் வாய் தெரியவில்லை. அந்த இடத்தில் பலகைப் பெட்டி ஒன்று மாட்டியிருந்தது. குழாயும் பெட்டியும் சேரும் இடத்தில் சாக்கை முறுக்கித் திணித்திருந்தார். பெட்டிக்குள் வரிசையாகப் பதினொரு ரப்பர் ஷீட். அப்பா ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, இதென்னது?"

"ஷீட்டு" என்றார், நான் ஷீட்டையே பார்த்திராதவன்போல.

"இங்க எதுக்கு?"

"மழையில எங்கபோய் காய? பழைய அடுக்களயத்தான் இடிச்சாச்சே. இது கரண்டு செலவு பண்ணி புகைய வெளிய கொண்டுவந்து சும்மா விடுதுலே. வீணாத்தானே போகு? வெயில் நாளுன்னா கொடியில போடுகேன்."

"சாக்கு வச்சு அடைச்சிருக்கே!"

"அடைக்காட்டா சந்து வழியா போயிருமில்லா."

மழை நாள், வெயில் நாள் என்று நான் குறித்த நோட்டு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் தொங்கியது. வெயிலடித்தால் அப்பா பெட்டியைக் கழற்றி, ஷீட்டை வெளியே எடுப்பார். மழை வந்தால் பெட்டியை மாட்டிச் சாக்கைத் திணிப்பார். காற்று போக வழியில்லாவிட்டால் மெஷின் எப்படி இழுக்கும் என்று கேட்டேன்.

"அது மெஷினாக்கும். உள்ள இழுக்கது அதுக்க வேல. வெளிய எங்க போகுதுங்கதுல அதுக்கு என்ன?" என்றார். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் லே. ஷீட்டு காயமாட்டேங்குது. பிசுபிசுன்னு இருக்கு. ஆசிட்டு கூடிப்போச்சோன்னு கொறச்சேன். தண்ணி மாத்தினேன். கடையில இதுல மீன் நாறுதுங்கான்."

நான் உள்ளே வலை கழுவிக்கொண்டிருந்த அதே நாட்களில் அவர் வெளியே ஆசிட்டை அளந்துகொண்டிருந்திருக்கிறார். சாளையின் எண்ணெய் ஷீட்டில் படிந்திருந்தது. கேஸ் அடுப்பிலிருந்து வருவது விறகுப்புகை இல்லை, ஆவியும் எண்ணெயும்தான் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"அப்பம், அவளுக்கு நேத்து இழுத்தது இதுனாலயா?"

"ஆமா."

நான் பாதி விளக்கத்தில் இருக்கும்போதே அவர் சாக்கைப் பிடுங்கிவிட்டார். ஆணியிலிருந்து கழற்றக்கூட இல்லை, பெட்டியை அப்படியே இழுத்துத் தரையில் போட்டார். குழாயிலிருந்து ஒரு வேகத்தோடு காற்று வந்து அவர் தலைமுண்டைத் தள்ளியது. அம்மா உள்ளே சிம்னியைப் போட்டிருந்தாள்.

சத்தம் கேட்டு அம்மா குடையில்லாமலே பின்பக்கம் வந்து பெட்டியையும் ஷீட்டுகளையும் பார்த்தாள்.

"எனக்க நெஞ்சுலயா ஷீட்டு காயப் போட்டிய?"

"தெரியாதுட்டி."

"இவனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்தப் பைக்குக்காரனுக்கும் தெரியாது. நல்ல ஆம்பளைய!"

அன்று மழையிலேயே தாள் வைத்துப் பார்த்தோம். ஒட்டியது. அம்மா நம்பவில்லை. பிடுங்கிவிட்டு அவளே ஒரு தாள் கிழித்து வைத்தாள். அதுவும் ஒட்டியது. செங்கல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்கவும் இல்லை. மத்தியானம் கேஸில்தான் மீன் பொரித்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். இருமல் வரவில்லை.

அந்தக் கப்பாசிட்டர் பழுதாகியிருந்ததா இல்லையா என்பது எனக்கு இன்றும் தெரியாது. சர்வீஸ்காரரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. பாலை அப்படியே விற்றுவிடலாமே என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். நாற்பது வருடம் ஷீட் அடித்தவரிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அக்கா போனில் எல்லாம் கேட்டுச் சிரித்து ஓய்ந்தபிறகு, "அப்பாக்கும் ஒரு புகை வேணுமில்லா?" என்று கேட்டாள். எங்கள் யாருக்கும் அதுவரை அது தோன்றவில்லை.

அம்மா ஒரு நிபந்தனை வைத்தாள். கேஸும் சிம்னியும் இருக்கட்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வலை கழுவுவது என் பொறுப்பு, அப்பாவின் புகை கிணற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும், அதன் பக்கம் அவள் வரமாட்டாள். அப்படியே கிணற்றுக்கு அப்பால், காற்று வீட்டுக்கு வராத மூலையில், நாலு கம்பும் தகரமும் போட்டு ஷீட் உலர்த்த ஒரு புகைப்புரை கட்டினோம். அந்த மழைக்காலம் முடியும்வரை அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

மீன் வாடையடித்த ஷீட்டுகளால் எவ்வளவு நஷ்டம் என்பதை அப்பா கடைசிவரை சொல்லவில்லை. அது நீங்கலாக, சர்வீஸ்காரர் இரண்டு முறை வந்ததற்கும், கப்பாசிட்டருக்கும், ஆஸ்பத்திரிக்கும் ஆட்டோவுக்கும், புகைப்புரைக்கும் சேர்த்து எங்களுக்கு ஆனது ஆறாயிரத்து முந்நூறு ரூபாய்.