பெயர் மட்டும் மாறிய வாழ்த்துப்பா

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஒரு தை மாதக் காலையில், சுருளிப்பட்டிக் கல்யாணப் பந்தல் ஒன்றில் என் மானம் கப்பலேறப் பார்த்தது. ஏறியதா, இல்லையா என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு அப்போது முப்பது வயது. கம்பத்தில் ஒரு தானியக் கடை மாடியில் குடியிருந்தேன். சம்பள உத்தியோகம் கிடையாது. எழுத்துதான் தொழில். என்ன எழுத்து என்று கேட்டால் சொல்லி முடியாது. சென்னைப் பத்திரிகைக்கு ஒரு பெண்ணின் பெயரில் துப்பறியும் கதை. ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனிக்குப் பாட்டும் வசனமும். மாட்டுச் சந்தைக்கு நோட்டீஸ், இருமல் லேகியத்துக்கு விளம்பரம், வாய்க்கால் தண்ணீர் வரவில்லை என்று கலெக்டருக்கு மகஜர், பெரிய மனிதர் செத்தால் இரங்கற்பா. காலையில் ஒருவரை அழ வைத்துவிட்டு மத்தியானம் இன்னொருவரைச் சிரிக்க வைப்பேன். தலைக்கனம் கொஞ்சமா நஞ்சமா! கம்பம் பள்ளத்தாக்கில் என்னைவிட்டால் பேனா பிடிக்க ஆளில்லை என்றே நினைத்திருந்தேன்.

இதில் கல்யாண வாழ்த்துப்பாதான் ரொம்பச் சுலபம். அந்தக் காலத்தில் கொஞ்சம் வசதியான வீட்டுக் கல்யாணம் என்றால் ரோஸ் தாளில் வாழ்த்துப்பா அச்சடித்துப் பந்தலில் வாசிக்க வேண்டும். பிறகு அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டுவார்கள். நான் என்றைக்கோ எழுதிய பதினாறு வரிகள் இருந்தன. எந்த மாப்பிள்ளைக்கும் பொருந்தும், எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும். பெரியகுளத்து அச்சுக்கூடத்தில் அதற்குக் கோத்த ஈய எழுத்துகளைக் கலைக்காமல் சணலால் கட்டியே வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்குக் கல்யாணம் பெயர்களை மட்டும் மாற்றிக் கோத்து அடித்துக் கொடுப்பார்கள். எட்டுக் கல்யாணம் அப்படியே ஓடிவிட்டது. சுருளிப்பட்டி ஒன்பதாவது.

தாலி கட்டி முடிந்தது. நான் ஜரிகைத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, நாடகக்காரன் மாதிரியே வாசிக்கத் தொடங்கினேன். ஆறாவது வரி இது: "ஈன்றதாய் எதிர்நின்று கண்குளிர நோக்க."

பந்தலில் பேச்சுமூச்சு இல்லை. என் கவிதையில் சொக்கிப்போனார்கள் என்று நினைத்து அந்த வரியை இரண்டாம் தரமும் வாசித்தேன். என்னத்தைச் சொல்ல! மணையில் இருந்த பெண் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

முன்வரிசையில் இருந்த பெண்ணின் தாய்மாமன் எழுந்தார். "ஏய்யா கவிராயரே, எங்க அக்கா செத்து பதினெட்டு வருசமாச்சு. பிள்ளையப் பெத்துப் போட்டுட்டு அன்னைக்கே போயிட்டாக. அவுக எப்பிடிய்யா எதிர்க்க வந்து நிப்பாக?"

அந்த வீட்டுக்கு நான் அதற்கு முன் வந்ததே கிடையாது. பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் ஒரு துண்டுச் சீட்டில் வந்தன, அவ்வளவுதான்.

பந்தலின் பின்பக்கம், உரலுக்கு அருகே ஒதுங்கி நின்றிருந்த ஓர் அம்மாள் சத்தமில்லாமல் திரும்பி மாட்டுக்கொட்டகைப் பக்கம் போவதைப் பார்த்தேன். பெண்ணின் கண்ணும் அந்தப் பக்கமே போனது. அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை. மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில், "தாலி ஏறுன நேரத்துல இதென்ன அபசகுனம்?" என்று ஒரு குரல் கிளம்பியது. பெண்ணின் அப்பா என் அருகே வந்து, "வேற ஊருக்கு எழுதுனதையா இங்கன கொண்டாந்தீக?" என்று மெதுவாகக் கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்கய்யா" என்றேன்.

அப்படியே கம்பம் ஓடிவிடலாம் என்று கால் துடித்தது. ஓடினால் பிறகு இந்தப் பள்ளத்தாக்கில் பேனாவைத் தொட முடியாது. என் பிழைப்பு கிடக்கட்டும், என் ஒரு வரியால் அந்தப் பெண் புகுந்த வீட்டுக்கு அபசகுனம் என்ற பேரோடு போக வேண்டுமா? "அரை நாழிகை குடுங்கய்யா. சரி பண்ணாட்டி நீங்களே என்னைய மாட்டோட சேத்துக் கட்டுங்க" என்றேன்.

சமையல் கொட்டகைக்கு ஓடினேன். துப்பறியும் கதை எழுதுகிறவனுக்கு ஒன்று தெரியும்: வீட்டு விஷயம் வேண்டுமென்றால் காய் நறுக்குகிறவர்களைக் கேட்க வேண்டும். "கொட்டகைப் பக்கம் போன அம்மா யாரு?" என்றேன்.

"அவுகதேன் அத்தை. பிள்ளைக்கு அப்பனோட அக்கா" என்றாள் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த ஒருத்தி. "சின்ன வயசுல தாலியறுத்து வந்தாக. ஆட்டுப்பாலக் குடுத்து அந்தப் பிள்ளைய வளத்ததே அவுகதேன். மலைக்காய்ச்சல் வந்தப்ப அதைத் தோள்ல போட்டுக்கிட்டு, ஆத்தத் தாண்டி, பத்து மைல் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாகய்யா! இன்னைக்கு மணைப் பக்கமே வரமாட்டேன்னுட்டாக. கைம்பொண்டாட்டி நிக்கக் கூடாதாம்."

இவ்வளவு பெரிய கதையை வீட்டில் வைத்திருந்தவர்களுக்கா நான் கட்டி வைத்த எழுத்தைக் கொண்டுவந்தேன்! ரோஸ் தாளைத் திருப்பிப் போட்டுப் பென்சிலால் எழுத ஆரம்பித்தேன். ராஜா வேஷக்காரன் குடித்துவிட்டு மட்டையான நாட்களில், மேடையில் இருப்பவர்கள் நேரத்தைக் கடத்தத் திரைக்குப் பின்னால் நின்று பாட்டெழுதிக் கொடுத்த கை அது. அன்று காப்பாற்றியது. பண்டிதர் நடை வேண்டாம், பெண்கள் கைகொட்டிப் பாடுகிற கும்மிதான் வேண்டும் என்று மனசு சொன்னது.

பந்தலுக்கு வந்தேன். "முதல்ல வாசிச்சது இந்த வீட்டுப் பாட்டு இல்ல. அது என் தப்பு. இதுதான் உங்க பாட்டு" என்று சொல்லிவிட்டுப் பாடினேன்.

பெத்தவள் போன பிறகிந்தப் பிள்ளைக்கு
அத்தையே தாயானாள் கும்மியடி – தன்
முத்தைச் சுமந்து முல்லையாறு தாண்டிப்
பத்து மைல் போனாளே கும்மியடி!

முதலில் சமையல் கொட்டகையிலிருந்து கைதட்டல் வந்தது. அடுத்த தரம் பாடும்போது பந்தலில் இருந்த பெண்களும் "கும்மியடி" என்று கூடவே எடுத்தார்கள். மூன்றாவது அடியில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நாதஸ்வரக்காரர் சும்மா இருப்பாரா? அவரும் எடுத்து ஊதினார். நாடகக் கொட்டகை போல, "ஒன்ஸ்மோர்!" என்று யாரோ கத்தினார்கள்.

அப்போது மணப்பெண் எழுந்தாள். மாலையும் கழுத்துமாக நேரே மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். திரும்பி வரும்போது அந்த அம்மாளின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "வேணாம்த்தா, விடுத்தா" என்று அவர் திமிறினார். கூட்டம் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தது. என்னைக் கேள்வி கேட்ட தாய்மாமன்தான் வாய் திறந்தார்.

"இங்கன வாங்க மதினி. எங்க அக்கா நிக்க வேண்டிய எடத்துல நீங்கதேன் நிக்கணும்."

பெண்ணும் மாப்பிள்ளையும் அத்தையின் காலில் விழுந்தார்கள். அவர் இரண்டு தலையிலும் கை வைத்தார். எனக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அன்றைக்கு அந்தக் கும்மியை நான்கு தரம் பாட வைத்துவிட்டுத்தான் எனக்கு இலை போட்டார்கள். பெண்ணின் அப்பா தானே நின்று பரிமாறினார். அப்படி ஒரு வெற்றியை அதற்குப் பிறகு எந்த மேடையிலும் நான் பார்த்ததில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் பெரியகுளம் போய், கட்டி வைத்திருந்த எழுத்துகளைக் கலைக்கச் சொன்னேன். "அடுத்த முகூர்த்தத்துக்கு என்னய்யா பண்ணுவீக?" என்று அச்சுக் கோப்பவர் சத்தம் போட்டார். "போய்ப் பார்த்துட்டு எழுதுவேன்" என்றேன். அன்று முதல், கல்யாணமோ சாவோ, அந்த வீட்டு அடுப்படிப் பெண்களிடம் பேசாமல் நான் ஒரு வரி எழுதியதில்லை.

சில வருஷம் கழித்துச் சுருளிப்பட்டி வழியாகப் போனபோது அந்த வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ரோஸ் தாள் தொங்கியது. அச்சடித்த பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. என் பென்சில் கிறுக்கல்தான் முன்னால் தெரிந்தது. எழுத்தே தெரியாத அந்த அத்தை கண்ணாடி மேல் ஒரு வரியில் விரலை வைத்து, "இங்கன இருக்கேன் பாருங்க, இது நாந்தேன்" என்றார். எட்டிப் பார்த்தேன். சரியான வரிதான்.

எத்தனையோ விதமாக எழுதிவிட்டேன், புத்தகங்களும் வந்துவிட்டன. ஆனால் இன்றைக்கும் ஒரு பக்கத்தை முடித்தவுடன், அதில் விரல் வைத்து "இது நாந்தேன்" என்று சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை மூடுகிறேன்.