சாச்சிக்குச் சொன்ன படக்கதை

குறும்படத்துக்குக் கதை எழுதப் பழகும் என் மகள், எதை வைப்பது, எதை வெட்டுவது என்று என்னிடம் கேட்டாள். பத்தாம் வகுப்போடு நின்றவளிடம் கேட்கிற கேள்வியா என்று கூச்சமாக இருந்தது. ஆனாலும் எனக்கு விடை தெரியும். பத்து வயதில் ஒரு சோற்றுப் பீங்கான் தட்டைப் பார்த்துப் படித்தது அது.

சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து வள்ளமேறி வந்து, மாம்புரிப் பக்கம் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். மறு வருடம் வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, காய்ச்சலில் மவுத்தானார். புருஷனை இழந்த சாச்சி இத்தா இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகக்கூடாது. அவரோ சாப்பாட்டையும் விட்டுவிட்டார். உம்மா பயந்துபோனார்.

ஒரு காலை பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டில் ஜெனரேட்டர் வைத்து வீடியோ டெக்கில் படம் போட்டார்கள். பார்த்துவந்து சாச்சிக்குச் சொல்லும்படி உம்மா என்னை அனுப்பினார். கதை கேட்டாவது இரண்டு வாய் இறங்காதா என்ற ஆசை.

மத்தியானம் கதாநாயகியின் சேலையிலிருந்து தொடங்கினேன். சாச்சியின் கை சோற்றிலேயே கிடந்தது.

"சேலை கிடக்கட்டும் புள்ள. அவளுக்கு என்ன வேணும்?"

"கப்பலுக்குப் போன மாப்பிள்ளை வரணும்."

ஒரு வாய் போனது.

"ஆரு குறுக்க நிக்கிற?"

"மாமியார்தான். அவர்ர கடிதத்த ஒளிச்சிட்டா."

இன்னொரு வாய். எனக்குப் பிடிபட்டுவிட்டது. கை நின்ற இடத்திலெல்லாம் பாட்டையும் பகிடியையும் கைவிட்டேன். கடிதம் அரிசிப் பானைக்குள் கிடந்ததை மட்டும் நிதானமாகச் சொன்னேன்.

ஆனால் காலையில் கப்பல் மூழ்கிய இடத்தோடு ஜெனரேட்டருக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டிருந்தது. முடிவை ஒருவரும் பார்க்கவில்லை. பீங்கானில் இன்னும் கால்வாசிச் சோறு. ஆகவே நானே அவனைப் பலகையொன்றில் கரைசேர்த்து, தாடியோடு வாசலில் நிறுத்தினேன். மனைவிக்கே அடையாளம் தெரியவில்லை. "பசிக்குது" என்றான், குரலில்தான் கண்டுபிடித்தாள்.

பீங்கான் வெறுமையானது. உம்மா கொட்டில் கொட்டிலாகப் போய் என் கெட்டித்தனத்தைச் சொன்னார். அந்தப் பெருமை எனக்கு இன்றும் குறையவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகுதான் சாச்சி சொன்னார். கல்யாணமான புதிதில் மன்னார்த் தியேட்டரில் சாச்சாவோடு அவர் அந்தப் படத்தைப் பார்த்திருந்தாராம். அதில் கப்பலோடு அவனும் மூழ்கிப் போய்விடுவானாம்.

அன்று பீங்கான் வெறுமையான பிறகும் அவர் கை கழுவ எழும்பவில்லை.

"அவன் வந்து பசிக்குதுண்டு சொன்னத இன்னொருக்காச் சொல்லு."

நான் சொன்ன அழகில் மயங்கிவிட்டார் என்று நினைத்து, இந்த முறை தாடியை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன்.