ஜன்னலைச் சாத்திச் சமைத்த ஜாப்சே

இந்த நாட்டில் மாட்டுக்கறி வறுக்கும்போது ஜன்னலைத் திறந்துவைக்கிறார்கள். கொரியாவுக்கு வந்து இரண்டு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. எதிர்வீட்டுப் பார்க் அம்மா அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எல்லா ஜன்னல்களையும் தள்ளிவிடுவார். ஒன்பதாவது மாடியிலிருந்து வாசனை ஊரெல்லாம் போகும். யாரும் ஏனென்று கேட்பதில்லை. நானோ முட்டை பொரிப்பதற்கே ஜன்னலைச் சாத்துகிற ஆள். கை தானாகப் போய்விடுகிறது.

கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் காலனியில் இருந்தவரை அது ஒளிக்கிற கறியாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தால் எல்லா வீட்டிலும் அதுதான் கொதிக்கும். அப்பாவுக்கு மன்னார்குடியில் வாத்தியார் வேலை கிடைத்து, கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகைக்குக் குடிபோன பிறகுதான் இந்த ஜன்னல் பழக்கம் வந்தது. அப்பா கறியைப் பைக்குள் வைத்து மேலே முளைக்கீரைக் கட்டைப் போட்டு மூடிக் கொண்டுவருவார். அம்மா கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, சாம்பிராணி போட்டுவிட்டுத்தான் சட்டியை வைப்பார். யாராவது கேட்டால் கருவாடு என்று சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் கருவாட்டுக்கு மன்னிப்பு உண்டு. ஒருநாள் வீட்டுக்காரம்மா அடுக்களைக்கே வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டார். சத்தம்கூடப் போடவில்லை. “மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பாத்துக்குங்க சார்” என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். நான் இன்றுவரை பயப்படுவது அந்த மெதுவான குரலுக்குத்தான்.

கொரியாக்காரர்கள் சென்னைப் பக்கம் கார்த் தொழிற்சாலை திறந்தபோது டிப்ளமோ முடித்த என் கணவருக்கு அங்கே வேலை கிடைத்தது. பிறகு இங்கே அனுப்பினார்கள். இந்த ஊரில் எங்களைத் தவிர இருக்கிற ஒரே தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் மாலதி அக்காவுடையது. அவர் மன்னார்குடியேதான். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. முதல் சந்திப்பிலேயே அவர், “நாங்க கோழி, மீனு, ஆட்டுக்கறி. அதுக்கு மேல கெடையாதுப்பா” என்றார். “நாங்களுந்தாங்க்கா” என்று சொல்லிவைத்தேன். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து எனக்கு ஒரு ரொட்டிக்கடையில் வேலை. பள்ளி விட்டு வரும் என் மகளைச் சாயங்காலம்வரை பார்த்துக்கொள்வதாக மாலதி அக்கா ஒத்துக்கொண்டிருந்தார். அவரை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை. வேலையை விடுங்கள், தமிழில் அழுவதற்கும் அவரை விட்டால் ஆள் இல்லை.

இந்த நிலையில்தான் மகளின் பிறந்தநாள் வந்தது. கேக்கைவிட அவளுக்கு ஜாப்சே வேண்டுமாம். இங்கே பிறந்தநாள் என்றால் அது உண்டு. சர்க்கரைவள்ளி மாவில் செய்த நூடுல்ஸ், வெந்ததும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கேரட், வெங்காயம், காளான் எல்லாவற்றையும் தனித்தனியாக வதக்க வேண்டும். பசலைக்கீரையை வெந்நீரில் முக்கிப் பிழிய வேண்டும். ஒன்றாகப் போட்டால் பார்க் அம்மா தலையில் அடித்துக்கொள்வார். கடைசியில் சோயா சாஸ், சர்க்கரை, எள் எண்ணெய் விட்டுக் கையால் பிசைய வேண்டும். அவர் முறைப்படி மாட்டுக்கறியும் உண்டு. மாலதி அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்ததால் காளானோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவெடுத்திருந்தேன்.

காயெல்லாம் வதக்கி முடித்த நேரம் பார்க் அம்மா ஒரு கிண்ணத்தோடு வந்தார். பூண்டும் சோயாவும் போட்டு ஊறவைத்த மாட்டுக்கறி, பிறந்தநாள் பரிசு. இங்கே அது விலை கூடிய மரியாதை. நான் பதறிப்போய் எனக்குத் தெரிந்த கொரிய மொழியில், “சொன்னிம், ஆன் மொகொயோ” என்றேன். விருந்தாளி சாப்பிட மாட்டார் என்று நான் சொன்னதை, விருந்தாளி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். “ஐகோ!” என்று பரிதாபப்பட்டு, வீட்டுக்கு ஓடி இன்னொரு கிண்ணம் கறி கொண்டுவந்தார். ஜன்னலையெல்லாம் திறந்தார். நான் ஒன்றைச் சாத்தினால் அவர் இரண்டைத் திறந்தார். அவரே வறுத்து, அவரே நூடுல்ஸோடு பிசைந்து வைத்துவிட்டு, திருப்தியாக வீட்டுக்குப் போனார்.

நான் ஓடி ஓடி ஜன்னல்களைச் சாத்தினேன். அடுக்களை ஜன்னல் ஒன்றுதான் பாக்கி, அதற்குள் மணி அடித்தது. மகள் பள்ளி விட்டு வருவதற்கு முன்பே, கூடமாட உதவலாம் என்று மாலதி அக்கா வந்துவிட்டார்.

“என்னா வாசன இது?” என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

“கருவாடுக்கா.”

யோசித்துச் சொல்லவில்லை. மன்னார்குடி வீட்டில் சொல்லிப் பழகிய வாய், அதுவாகச் சொல்லிவிட்டது. எள் எண்ணெயும் பூண்டும் மணக்கிற வீட்டில் கருவாடு எங்கிருந்து வரும்? அடுத்து அந்த மெதுவான குரல் வரப்போகிறது என்று நின்றேன்.

மாலதி அக்கா சாத்தியிருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“எங்க அம்மாவும் கருவாடுன்னுதான் சொல்லும்” என்றார்.

அப்படியென்றால் அவர் பிறந்த வீட்டிலும் இதே கறிதான். அவரே கையை நீட்டி, பாக்கியிருந்த அந்த ஒரு ஜன்னலையும் சாத்திக் கொக்கி போட்டார்.

“கல்யாணத்தோட விட்டது. அவருக்கு எங்க வீட்டப் பத்தித் தெரியும். ஆனா இது மட்டும் ஆவாதுன்னுட்டாரு. ஊர்ல மாமியார் வீட்டுக்கு ஒண்ணுமே தெரியாது. நீ அவருகிட்ட சொல்லிடாதம்மா.”

“சத்தியமா சொல்ல மாட்டேங்க்கா.”

இத்தனை நாள் நான் அவருக்குப் பயந்தேன். இனி அவர் எனக்கும் பயப்பட வேண்டும். அதை நினைக்க எனக்குச் சந்தோஷமாக இல்லை, அழுகைதான் வந்தது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒரு துண்டுக் கறியை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். “இனிக்கிதுடி” என்றார், குறை சொல்கிற மாதிரி. பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் நம்ப மாட்டீர்கள், ஆகஸ்டு மாதத்தில் இங்கே நம் ஊர்ப் புழுக்கம் தோற்றுவிடும். நாங்கள் வேர்த்து வழியச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பார்க் அம்மா கிம்ச்சி ஊறுகாயோடு மறுபடி வந்தார். சாத்திய ஜன்னல்களையும் எங்கள் முகங்களையும் பார்த்துத் திகைத்து, ஏன் என்று கேட்டார். “சுவொயோ” என்றேன். குளிர்கிறது. அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அக்காவின் நெற்றியையும் தொட்டுப் பார்த்தார். இருவருக்கும் காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் எதுவும் விளங்காமல் போய்விட்டார்.

போகும்போது வாசல் கதவைத் திறந்தே விட்டுவிட்டார். எங்கள் கறியின் வாசனை அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. இந்தக் கட்டடத்தில் அதைக் கேட்க ஒருவரும் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் எச்சில் கையோடு, கதவைச் சாத்த நாங்கள் இருவருமே எழுந்துவிட்டோம்.