பந்து இல்லாத பக்கம்

அப்போது புவாண்ட்-கிளேரில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்த அண்ணை ஒருவர் கர்க்லாண்டில் வீடு வாங்கியிருந்தார். ஞாயிறு பின்னேரங்களில் டிவியில் ஃபுட்போல் பார்க்க என்னைக் கூப்பிடுவார்; காலால் உதைக்கிறது இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற இந்த நாட்டு ஆட்டம். கிழமையில் நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நுழைகிற வீடு அது ஒன்றுதான். மற்ற நாட்களில் வேலை முடிந்து அறைக்கு வந்தால் வாய் திறக்கத் தேவையே இராது.

நாங்கள் பார்க்கிற எங்கள் ஊர் அணியில் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவன் ஒருவன் இருந்தான். டச்டவுன், அதாவது பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டுவது, அந்தப் பருவத்தில் அவனுக்கு வாய்க்கவே இல்லை. அண்ணைக்கு அவனைக் கண்ணில் காட்டக்கூடாது.

"ஆறு மட்ச். ஒண்டுமில்லை. ரன் அடிக்காத பட்ஸ்மனை ஆரும் வைச்சிருப்பினமோடா?"

"ஓம் அண்ணை" என்பேன். அடுத்த ஞாயிறும் வரவேண்டுமே.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஆனால் இந்த ஆட்டம் கொஞ்சம் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழக மைதானத்தில் இரண்டு பருவம் குப்பை பொறுக்கினேன். அங்கே கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றால் பந்து சரியாகத் தெரியாது, ஆட்கள்தான் தெரிவார்கள். அப்படிப் பழகிய கண்ணோடு அண்ணை வீட்டு டிவியைப் பார்த்தால், பந்து எறிகிறவனை விழுத்த வருகிறவனின் நெஞ்சில் போய் மோதி மறித்தவன் அண்ணை திட்டுகிற அதே ஆட்டக்காரன்தான். மூன்று பேர் தொங்கினாலும் தேவையான நாலடியை இழுத்துக்கொண்டு போவான். பந்து கைநழுவாது. கடைசிக் கோட்டருகே வந்ததும் பயிற்சியாளர் அவனை எடுத்துவிட்டு ஒரு தடியனை இறக்குவார். டச்டவுன் தடியனின் பெயரில் விழும்.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு அவனை வெளியே இருத்தினார்கள். அன்று அண்ணையின் மனைவியின் தம்பி டொரோண்டோவிலிருந்து வந்திருந்தார். அவனுடைய இடத்தில் இறங்கிய புதியவன் ஒரு டச்டவுன் போட்டான். "நான் சொன்னனான்தானே!" என்று அண்ணை கைதட்டினார். ஆனால் எறிகிறவன் திரும்பத் திரும்ப மல்லாந்து விழுந்தான்.

"ஏன் இவன் இப்பிடி விழுறான்?" என்றார் தம்பி.

"கால் சரியில்லைப் போல" என்றார் அண்ணை.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். எழுந்து போய்த் திரையில் விரல் வைத்து, மறிக்காமல் நின்ற புதியவனைக் காட்டினேன். அத்தனை மாதமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். "அத்தான், இவ்வளவு காலமும் என்னத்தைப் பாத்தனீங்கள்? ஸ்கோரையோ?" தேத்தண்ணியோடு வந்த அவரின் அக்காவும் சிரித்துவிட்டார். அண்ணை தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். மனைவியின் ஆட்கள் முன்னால் அந்த மனிதரை நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"நீர் பெரிய கோச் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். அதுவரை என்னை ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவார்.

அடுத்த இரண்டு ஞாயிறும் கூப்பிடவில்லை. அதற்குள் அந்த ஆட்டக்காரனைத் திரும்ப எடுத்திருந்தார்கள், அணியும் வென்றது. திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் அண்ணையின் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"திரும்ப எடுத்தும் ஒரு டச்டவுனும் இல்லை அண்ணை. நீங்கள் சொன்னதுதான் சரி."

அவர் சோற்றுப் பெட்டியை மூடினார். "ஓமோ" என்றார். பிறகு, "இந்தக் கிழமையும் வீட்டில ஆக்கள். பேந்து சொல்லுறன்."

அந்தப் ‘பேந்து’ எப்போது என்று நான் கேட்கவில்லை.