பொத்தான் அமுங்கிய வாக்கி டாக்கி

மூன்று ஜீப்புகள், இரண்டு நாள், ஆந்திர எல்லையில் ஓர் ஆற்றுப்படுகையில் கூடாரம். திட்டம் அவ்வளவுதான். அதைப் பேசி முடிவெடுக்க மந்தைவெளியில் என் வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர், அவர் மனைவி, அவருடைய வடபழனி நண்பர், அடையாறிலிருந்து ஒரு பல் டாக்டர், நான். ஜவுளிக்கடைக்காரரை யாரும் தலைவராகத் தேர்ந்தெடுக்கவில்லை. வந்து உட்கார்ந்த விதத்திலேயே ஆகிவிட்டார்.

"மேடம் கடைசி வண்டி" என்றார், என்னைப் பார்க்காமல்.

"ஏன்?"

"லேடீஸ் வண்டி நடுவுல சிக்கிக்கிட்டா பின்னாடி வர்றவங்களும் நிக்கணும்ல?"

அந்தப் படுகையில் நான் முன்பே ஓட்டியிருக்கிறேன். அவர் ஓட்டியதில்லை. மணலில் சிக்குகிற வண்டிகளை இழுத்துவிட வேண்டியது கடைசி வண்டிதான் என்பதுகூடத் தெரியாமல், அதை எனக்குத் தண்டனையாகக் கொடுத்தார். நான் எடுத்துச் சொல்லவில்லை. வாய் திறந்தால் நிதானமாக வராது என்று தெரிந்தது.

அங்கே செல்போன் எடுக்காது. என்னிடம் வாக்கி டாக்கிகள் இருந்தன, வண்டிக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். "நாம என்ன போலீஸா?" என்று சிரித்தார். டாக்டர்தான், ஊருக்குள் ஒருமுறை பேசிப் பார்த்துவிடலாமே என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று வண்டிகளும் மந்தைவெளியிலிருந்து கே.கே. நகருக்குக் கிளம்பின. அங்கே தார்ப்பாயும் கயிறும் வாங்குவதாக ஏற்பாடு. நண்பர் முன்சீட்டில் ஏறிக்கொண்டதால் கடைக்காரரின் மனைவி என் வண்டிக்கு வந்துவிட்டார். கோட்டூர்புரம் பாலம் தாண்டும்வரை "கேக்குதா, கேக்குது" என்று ஒழுங்காகப் போயிற்று. அதற்குப் பிறகு கடைக்காரர் தன்னுடையதை சீட்டுக்கும் கியருக்கும் நடுவே செருகியிருக்கிறார். பேசும் பொத்தான் அமுங்கிக்கொண்டது. ஒருவர் அந்தப் பொத்தானை விடாதவரை மற்றவர் குரல் அவருக்குப் போகாது. அவர்கள் பேசுவது மட்டும் எங்கள் இரண்டு வண்டிகளிலும் கணீரென்று ஒலித்தது.

"அந்தம்மாவ எதுக்கு மச்சி இட்டுக்கினு போறே? எல்லாத்துக்கும் கேள்வி கேட்டுக்கினு கீது" என்றார் நண்பர்.

"இந்த வாக்கி டாக்கி அவளோடதுடா. கைக்கு வந்துட்டுது இல்ல, இனிமே கழட்டி விட்டுரலாம். புருஷனோட வாழத் தெரியாதவளுக்கு ஜீப் ஒரு கேடு."

எனக்குக் காது சுட்டது. என் வாக்கி டாக்கியை அணைக்கக் கையைக் கொண்டுபோனேன். பக்கத்திலிருந்தவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "விடுங்கக்கா. பேசட்டும்."

"உன் வூட்டுக்காரம்மாவும் வருதா?"

"வராம? யாரு சமைக்கிறது? ஒரு மூலையில உக்கார வச்சா அது பாட்டுக்குக் கிடக்கும். வாயும் கிடையாது, மூளையும் கிடையாது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் என் கையை விடவே இல்லை. சைதாப்பேட்டை நெரிசலில் ஒரு கையாலேயே ஓட்டினேன்.

கே.கே. நகரில் வண்டிகள் நின்றதும் அவர் இறங்கி நேராகக் கணவரிடம் போனார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு வாக்கி டாக்கியை உருவி எடுத்து, அவர் முகத்துக்கு நேரே காட்டினார்.

"பட்டன் அமுங்கிக் கிடக்கு. பாலத்துலேர்ந்து நீங்க பேசுனது எல்லாருக்கும் கேட்டுச்சு."

நண்பர் பீடா கடைப் பக்கம் நகர்ந்துவிட்டார். கடைக்காரர் முகம் கறுத்தது. ஆனால் பாய்ந்தது என் மேல். "நீங்க வேணும்னே பழுதான செட்டைக் குடுத்திருக்கீங்க. குடும்பத்துல மூட்டி விடத்தான இதெல்லாம்?"

"செட் நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் கேட்டுச்சு" என்றேன்.

டாக்டர் நடுவில் வந்து, "விளையாட்டாப் பேசினது, பெரிசு பண்ண வேண்டாமே, டூர் கெட்டுப்போகும்" என்றார். அந்த நிமிடம் கடைக்காரரைவிட டாக்டரின் மேல்தான் எனக்கு அதிக ஆத்திரம் வந்தது.

"நான் வரல. நீங்களே சமைச்சுக்கோங்க" என்றார் அந்த அம்மாள். கணவர் கூப்பிடக் கூப்பிட, ஒரு ஆட்டோவை நிறுத்தி வடபழனியில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். என்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

நான் மற்ற இரண்டு செட்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். வீடு வந்து சேர்வதற்குள் பயணத்துக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள்.

பயணத்துக்கு முந்தின நாள் டாக்டர் வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டு, "ரெண்டு செட் மட்டும் குடுத்தீங்கன்னா... அங்க சிக்னல் இருக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்று இழுத்தார்.

"அவர் கேட்டு அனுப்பினாரா?"

காலி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். நான் கதவைத் திறந்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவர்கள் நல்லபடியாகவே போய்த் திரும்பினார்கள். யாரோ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ஆறு, கூடாரம், கரி பிடித்த பாத்திரத்தைச் சுற்றி ஆண்கள். ஒன்றிலும் அந்த அம்மாள் இல்லை. ஒரு வண்டியாவது மணலில் புதைந்திருக்கும் என்று தேடினேன். புதையவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.