அடுப்பங்கரையில் ஒரு யானை

செத்துப்போன மனைவியின் அடுப்பங்கரையில் ஒரு யானையைக் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். தெரியாமல் செய்யவில்லை. கட்டணம் கட்டி, எட்டு சனிக்கிழமை வகுப்புக்குப் போய், கோடு போட்ட நோட்டில் குறிப்பெடுத்து, நன்றாகப் பயிற்சி செய்துதான் நிறுத்தினேன். கடைசி நாளில் எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு கேடயமும் கொடுத்தார்கள்.

அது நினைவாற்றல் வகுப்பு. பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், செருப்புக்கடை மாடியில் நடந்தது. ‘மூளைக்குப் பயிற்சி, மனதுக்குப் புதுப் பாதை’ என்று வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். எனக்கு வயது ஐம்பத்தாறு. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். அந்த வயதில், அந்த வேலையில் இருப்பவனுக்கு மனதில் பழைய பாதையே பாதி மறந்து போயிருக்கும். புதுப் பாதை எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இருபத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் ஞாபகம் வைத்துக்கொள்கிற இலாகா முழுக்க அவள் கையில் இருந்தது. கேஸ் சிலிண்டருக்கு எப்போது பதிந்தோம், என் கண்ணாடி எங்கே இருக்கிறது, யார் வீட்டுக் கல்யாணம் எந்தத் தேதி எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். கோவிலில் நான் யாரோடு பேசுவதில்லை, ஏன் பேசுவதில்லை என்பதுகூட அவளுக்குத்தான் தெரியும். அவள் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, பன்னிரண்டு வருடமாகப் பேசாமலிருந்த ஒருவரிடம் போய் நலம் விசாரித்துவிட்டேன். பேச்சின் பாதியில்தான் ஞாபகம் வந்தது. அதற்குள் அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கியிருந்தார். இப்போது வாரா வாரம் பேச வேண்டியிருக்கிறது.

அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்க்கெட்டில் நடந்ததுதான் என்னை உலுக்கியது. எதற்கு வந்தோம் என்று தெரியாமல் காய்கறிக் கடை முன்னால் பையோடு நின்றேன். கை தானாக செல்போனை எடுத்து அவள் நம்பரை அழுத்தியது. அவள் போய் அப்போது இரண்டு வருடம். நம்பரை வேறு யாருக்கோ கொடுத்திருந்தார்கள் போல. ஒரு முரட்டுக் குரல் வந்தது.

“யாருவே பேசுதது?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. என்ன வாங்கணும்னு கேக்கலாம்னு…”

“கருவாடு வாங்கிட்டுப் போவே” என்று சொல்லி வைத்துவிட்டார். நானும் கருவாடு வாங்கிக்கொண்டு போனேன். மறு சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன்.

பயிற்சியாளர் நாங்குநேரிக்காரர். முப்பது வயதுகூட இருக்காது. நல்ல பிள்ளை. மேடையில் பேசும்போது வானொலிச் செய்தி மாதிரி பேசுவார், மேடையை விட்டு இறங்கினால் நம் ஊர்ப் பேச்சுக்கு வந்துவிடுவார். முதல் வாரம் இடது கையால் பல் தேய்க்கச் சொன்னார். மூளையின் உறங்கும் பகுதி விழிக்குமாம். எனக்கு மூக்குக்குள் பற்பசை போனதில் மூளை மொத்தமுமே விழித்துக்கொண்டது. இரண்டாம் வாரம் கண்ணாடி முன்னால் நின்று, ‘என் மூளை நாளுக்கு நாள் கூர்மையாகிறது’ என்று இருபத்தொரு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னார். பதினான்காவது தடவையில் எனக்கு எண்ணிக்கை விட்டுப்போகும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். அந்த ஒரு வாரம் நான் வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.

மூன்றாம் வாரம்தான் அந்த வீட்டு வித்தை.

“உங்களுக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டைத் தேர்ந்தெடுங்கள்,” என்றார். “கண்ணை மூடிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நடந்து போங்கள். ஞாபகம் வைக்க வேண்டிய ஒவ்வொரு பொருளையும் அங்கே ஒவ்வொரு இடத்தில் வையுங்கள். சும்மா வைக்காதீர்கள். பெரிதாக, கோமாளித்தனமாக, சிரிப்பு வருகிற மாதிரி வையுங்கள். பிறகு எப்போது அந்த வீட்டுக்குள் போனாலும் பொருள் அங்கேயே நிற்கும்.”

மற்றவர்கள் அவரவர் குடியிருக்கும் வீட்டை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் ஏரல் வீட்டை எடுத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி முதல் ஒன்பது வருடம் நாங்கள் ஏரலில் வாடகைக்கு இருந்தோம். ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வளவு. ஒரே வாசல், உள்ளே வரிசையாக ஆறு வீடு, நடுவில் ஒரு கிணறு. ஆறும் ஒரே அச்சு. முன்னால் ஒரு அறை, நடுவில் ஒரு அறை, பின்னால் அடுப்பங்கரை. எங்களுடையது ஐந்தாவது வீடு. பிறகு எனக்குப் பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி வந்துவிட்டோம். அவள் இறந்த மறு வருடம் தாமிரபரணியில் வெள்ளம் வந்ததே, அதில் அந்த வளவு இடிந்து போனது. போட்டோ கிடையாது. மாலையும் கழுத்துமாக நிற்கும்போது எடுப்பார்கள், ஞானஸ்நானத்துக்கு எடுப்பார்கள். அடுப்பங்கரையை யார் போட்டோ எடுத்தார்கள்? ஆகவே அந்த வீடு என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் அந்த வீட்டுக்குப் போய்வருவது, அவள் போன நாளிலிருந்தே என் வழக்கம். அலுவலகத்தில் என்றால் நாற்காலியில் சாய்ந்து பத்து நிமிடம், ஞாயிற்றுக்கிழமை என்றால் கட்டிலில் ஒரு மணி நேரம். வாசலில் செருப்பைக் கழற்றுவேன். முன்னறை, நடு அறை, அப்புறம் அடுப்பங்கரை. அங்கே இடது பக்கம் ஒரு சன்னல். சாயங்கால வெயில் சன்னல் வழியாகச் சரிந்து விழும். அந்த வெயிலில் அவள் நிற்பாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். நான் ஏதோ சொல்லி, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்த மாதிரி. அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். பரவாயில்லை. முதுகும், பக்கவாட்டில் கொஞ்சம் கன்னமும் போதும் எனக்கு. அவளுடைய குரல் கரைந்து போய்விட்டது. முகமே மாலை போட்ட போட்டோவில் உள்ள முகமாக மாறிவிட்டது. அந்தச் சன்னலுக்குப் பக்கத்தில் மட்டும்தான் அவள் உயிரோடு இருந்தாள்.

அங்கேதான் யானையை வைத்தேன்.

கடைசி வாரம் நாற்பது சொற்கள் கொடுத்தார்கள். வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். எனக்கு வெறி வந்துவிட்டது. வாசலில் தொப்பி போட்ட அன்னாசிப்பழம். முன்னறை நாற்காலியில், வெற்றிலை போட்டுக்கொண்டு ஒரு நீதிபதி. நடு அறைக் கட்டிலில் கப்பல். கிணற்றில் ஒட்டகம் குளித்தது. அடுப்பங்கரைச் சன்னலடியில், இடுப்பில் துண்டு கட்டிய யானை தும்பிக்கையால் முறுக்குச் சுட்டது. நாற்பதையும் சொன்னேன். வங்கி அதிகாரி ஒருவர் முப்பத்திரண்டோடு நின்றுவிட்டார். எனக்குக் கேடயம். வீட்டுக்கு வந்து அதை அலமாரியில் எங்கே வைத்தேன் என்பது இன்றுவரைக்கும் மறக்கவில்லை. அந்த அளவுக்குப் பலன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டு, ஆசையாகக் கண்ணை மூடிக்கொண்டு ஏரலுக்குப் போனேன். அன்னாசிப்பழம் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னது. நீதிபதி வெற்றிலை மென்றார். அடுப்பங்கரைக்கு ஓடினேன். யானை முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தது. சன்னல் இருந்தது, வெயில் இருந்தது. அவள் இல்லை.

யானைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். விரட்டிப் பார்த்தேன். ஒரு யானையை நினைக்கக் கூடாது என்று உட்கார்ந்து பாருங்கள், அப்போது தெரியும். பத்து நாளில் அது இன்னும் கொழுத்துவிட்டது. அவளை அங்கே வலுக்கட்டாயமாகக் கொண்டுவந்து நிறுத்தினால், மாலை போட்ட போட்டோவில் இருக்கிறவள்தான் வந்து நின்றாள்.

செருப்புக்கடை மாடிக்குத் திரும்பப் போனேன். பயிற்சியாளர் அடுத்த வகுப்புக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, வச்சத எடுக்கதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

“எத அண்ணாச்சி?”

“யானைய.”

விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார், அப்புறம் கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணாச்சி, மறக்கதுக்குன்னு நான் வகுப்பு எடுக்கலையே. வைக்கதுக்கு மட்டுந்தான எனக்குத் தெரியும்.”

“நீங்கதான தம்பி நல்லாத் தெரிஞ்ச வீடா எடுங்கன்னு சொன்னிய?”

“தெரிஞ்ச வீடுன்னுதான் சொன்னேன். இப்பிடி ஒரு வீட்டையா எடுப்பீங்க? பள்ளிக்கூட ஆபீசு இல்லையா, அங்கன கொண்டுபோய் ஒட்டகத்தக் கட்டவேண்டியதுதான?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அந்த வீட்ட நல்லாத் தெரிஞ்ச வேற ஆளு யாராச்சும் இருந்தா, போய்ப் பேசிப் பாருங்க அண்ணாச்சி. அவுக சொல்லச் சொல்ல, பழசு மேல வரலாம். நான் படிச்சதுல இல்ல இது. சும்மா தோணுது,” என்றார்.

அப்படித்தான் ஏரலுக்கு நிஜமாகவே பஸ் ஏறினேன். வளவு இருந்த இடத்தில் மண்ணைத் தள்ளிச் சமப்படுத்தி, நான்கு மூலையிலும் கல் ஊன்றியிருந்தார்கள். என் ஐந்தாவது வீடு எந்த இடத்தில் இருந்தது என்றுகூடப் பிடிபடவில்லை. ஆறாவது வீட்டில் இருந்த மதினியைத் தேடிப் போனேன். உறவு ஒன்றும் இல்லை, வளவில் கூப்பிட்டுப் பழகியதுதான். இப்போது கடைத்தெருவுக்குப் பின்னால் மகன் வீட்டில் இருந்துகொண்டு ஜாக்கெட் தைக்கிறார். அவர் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிட்டவர், காலமாகிவிட்டார். அந்த நாளில் நானும் அண்ணனும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர்கள் நடு அறையில் கேரம் ஆட உட்கார்ந்தால், விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்க மாட்டோம்.

“வாங்க கொழுந்தனாரே,” என்றார் மதினி, தையல் மிஷினை நிறுத்தாமல். “வழி மறந்து வந்திட்டீரா?”

“மறதி விஷயமாத்தான் மதினி வந்திருக்கேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். யானை முறுக்குச் சுடுகிற இடத்தில் மிஷின் நின்றது. மதினி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. சிரித்து முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, “எந்த இடத்துல வச்சீருன்னு சொன்னீரு?” என்று கேட்டார்.

“சன்னலுக்குக் கீழ.”

“எந்தச் சன்னலு?”

“எங்க அடுப்பங்கரையில, இடது பக்கம்…”

“உம்ம அடுப்பங்கரையில ஏதுவே சன்னலு? மத்த அஞ்சு வீட்டுக்கும் சன்னலு கிடையாது. கடைசி வீடுங்கதுனால எங்களுக்கு மட்டுந்தான் உண்டு. உம்ம வீட்டுல மரத்தூளு அடுப்பப் பத்தவச்சா புகை போக வழியிருக்காது. அவ கண்ணக் கசக்கிக்கிட்டு என் சன்னலுக்கிட்ட வந்துல்லா நிப்பா. தெனமும் சாயங்காலம்.”

நான் மெதுவாகக் கேட்டேன்.

“சிரிச்சிக்கிட்டுதான மதினி நிப்பா? கண்ணுல தண்ணி வர…”

“சிரிப்பா? புகைவே. நீரு எங்க நடுவறையில கேரம் போட்டுக்கிட்டு இருந்தீரு. அங்கன இருந்து பாத்தா எங்க அடுப்பங்கரை தெரியும். அதத்தான் பாத்திருக்கீரு.”

மதினி காப்பி போட்டுக் கொடுத்தார். வேறென்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு, துணியைப் பிரிப்பது மாதிரி அவரிடமிருந்து பிரித்தெடுத்தேன். அவள் சன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொள்வாளாம். கம்பி குளிர்ச்சியாக இருக்கும் என்பாளாம். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தால் கொண்டையை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுவாளாம். ஒன்பது வருடத்தில் இது ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்ணை மூடினேன். ஐந்தாவது வீட்டில் யானை அது பாட்டுக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தது. அதைத் தொந்தரவு செய்யாமல், அடுத்த வீட்டு நடு அறையில் போய், கேரம் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதவு வழியாகப் பார்த்தேன். நின்றாள். நெற்றி கம்பியில் சாய்ந்திருந்தது. ஸ்ரீவைகுண்டம் தாண்டுகிற வரைக்கும் நின்றாள்.

சந்தோஷம் தாங்காமல் மறுநாள் மதினிக்குப் போன் செய்தேன். அவளைக் கண்டுபிடித்துவிட்டேன், உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், இனிமேல் தினமும் அங்கே வந்து உட்கார்ந்துகொள்வேன் என்று என்னென்னவோ உளறினேன். மதினி முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வாரும், நல்லா வந்து உக்காரும்,” என்றார். “ஆனா கொழுந்தனாரே, வளவு ஓனர்ட்ட சொல்லி எனக்கு ஒரு சன்னலு வச்சுத் தாங்கன்னு ஒம்பது வருசமும் உம்மகிட்ட கேட்டாளேவே. அது மட்டும் உமக்கு ஞாபகம் வரவே இல்லையா?”